சாக்கின் தூர்

பிடஃபர்ட் நகராட்சி, கழிவுநீர்க் கட்டணப் பிரிவு,
இரண்டாம் சன்னல். அங்கேதான் எனக்கு வேலை.
வெளியே மார்ச் மாதத்து அழுக்குப் பனி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஜிஸெல்
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே
விவாகரத்துத் தீர்ப்பின் நகலை நீட்டுகிறாள்.
"பெல்த்தியேவை எடுத்துவிடு.
பழையதைப் போடு."

பழையது: தூர்னசாக்.

எழுத்தெழுத்தாகச் சொல் என்றேன்.
சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் சின்ன இடைவெளி விட்டு,
இதைச் சொல்லியே
பாதி ஆயுள் போனவளைப் போல.

கணினி தேடியது.
பெல்த்தியே நாற்பத்தேழு.
தூர்னசாக் பூஜ்யம்.

"நாடு முழுக்கத் தேடினாலும்
என்னைச் சேர்த்துப் பதினொன்று. நேற்றுவரை பத்து."
அதில் நான்கு பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.
ஒருவன் அரிசோனாவில்,
என்ன வேலை என்று கேட்கக் கூடாது.
ஒன்று நாய்.
அண்ணன் வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவர் சீட்டில்
பிஸ்கட் தூர்னசாக் என்று பெயர்;
கணக்கெடுத்த எவனோ
அதையும் ஆளென்று சேர்த்துவிட்டான்.

பிரான்சில்?
நார்மண்டிப் பக்கம் ஒரே ஒரு வீடு.
கடிதம் போட்டாளாம். திரும்பி வந்தது.

வரிசையில் வேறு ஆளில்லை, அர்த்தம் கேட்டேன்.
மாவு மில்லில் கூலியாள்.
மூட்டையைக் கொட்டியபின்
சாக்கை உள்வெளியாய்ப் புரட்டி உதறிக் காட்டுபவன்,
ஒன்றும் ஒளிக்கவில்லை பார், என்று.
அல்லது ஒளித்துப் பிடிபட்டவன்.
இரண்டில் எது என்பதில்தான்
அந்த நால்வருக்கும் சண்டை.

கப்பலேறிக் கியூபெக்.
அங்கிருந்து ரயிலேறி இந்த ஆற்றங்கரை நூற்பாலைக்கு.
சம்பளப் பேரேடு எழுதியவனுக்கு அவசரம்,
ஆறு சகோதரர்களில் ஐவரை
டர்னர் ஆக்கிவிட்டான்.
ஆறாமவன் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தான்.
அந்தக் காய்ச்சலின் வம்சம்தான்
என் சன்னலில் நிற்கிறது.

டர்னர்கள் எங்கள் பட்டியலில் முப்பத்திரண்டு.
யார் இவள் பங்காளி, யார் வெறும் டர்னர்,
சாக்கடைக் குழாய்க்குத் தெரியாது.

சாக்குக்கு எங்கள் பாஷையிலும் சாக்குதான் என்றேன்.
நம்பவில்லை.
செய்யாத வேலைக்குச் சொல்வதும் அதுதான் என்றதும்
சிரித்துவிட்டாள்:
"அப்படியானால் அந்தப் பெயர்
என் புருஷனுக்கல்லவா போயிருக்க வேண்டும்!"
தூர் என்றால் கிணற்றின் அடி, பானையின் அடி;
அதை மட்டும் சொல்லவில்லை.
பொருந்தாத ஒரு பொருத்தத்தை
எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தாள்.
ஆவுடையப்பன்.
"இது எத்தனை பேர்?"

என்ன சொல்ல.
அது என் அப்பா. ஒருத்தர்.
விசா படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது,
அவரைத் தூக்கி அதில் உட்காரவைத்தேன்.
முன்னால் ஒற்றை எழுத்தாய் நின்றவர்
பின்னால் முழுசாய் வந்துவிட்டார்.
மிஸ் ஆவுடையப்பன் என்று யாராவது கூப்பிட்டால்
வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு
அவர்தான் திரும்பிப் பார்க்கிறார்.
என் மகனுக்கு அவன் அப்பா பெயர்.
ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர்;
அறை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்றே
தபால்காரர் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.
எங்கள் பெயர்கள் அடுத்த தலைமுறைக்குப் போனால்
ஓரெழுத்து, ஒரு புள்ளி.
அதற்கடுத்து அதுவும் இல்லை.

"நிறைய" என்றேன்.

பெயரைத் தட்டிச் சேமித்தேன்.
பூஜ்யம் ஒன்றாயிற்று.
பழைய பாக்கி நூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது காசு.
"அது பெல்த்தியேவின் பாக்கி" என்றாள்.
கணக்கு வீட்டுக்குத்தான், பெயருக்கில்லை என்றேன்.
விதி அப்படி.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள்.
பிறகு கைப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தாள்.
பேருந்துச் சாவி, இருமல் மிட்டாய்,
ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை,
கசங்கிய நோட்டுகள், காசுகள்.
உள்துணியைப் பிடித்து வெளியே இழுத்து
இரண்டு தரம் உதறினாள்.